கத்தாத பல்லிகள்

“என்னங்க…” என்றபடி செருப்பைக் கழற்றியவளிடம், கட்டிலில் உட்கார்ந்திருந்த புருஷன் தலையைத் திருப்பி, “யாருய்யா அது?” என்றான்.

யாருய்யா. முதுகில் பச்சைத்தண்ணீர் இறங்கியது மாதிரி இருந்தது அவளுக்கு.

“நான்தாங்க. தொண்டை கட்டியிருக்கு.”

“நீயா? எவனோ ஆம்பளை வந்துட்டான்னு பாத்தேன்.” சிரித்தான். ஆனால் கையில் பிடித்திருந்த தடியைக் கீழே வைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவனுக்குக் கண் கிடையாது. சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தபோது கொதிக்கிற சுண்ணாம்பு முகத்தில் அடித்து இரண்டு கண்ணும் வெந்துபோய், ஆஸ்பத்திரியில் தோண்டி எடுத்துவிட்டார்கள். இமையும் தேறவில்லை. திறந்தபடி இரண்டு குழி, அவ்வளவுதான். அன்று புகைக்குள் அவள் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்ட திசையைப் பிடித்துத்தான் தவழ்ந்து வெளியே வந்தான். அதிலிருந்து அவனுக்கு அவள் என்றால் அந்தக் குரல்தான். வேறு யார் நீட்டினாலும் ஒரு மடக்குத் தண்ணீர் வாங்க மாட்டான்.

காளவாய் வேலை இருவருக்கும் போனபின் அவளுக்குக் கிடைத்தது பல்லி வேலை. ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில், ஜன்னலில்லாத அறையில், கண்ணாடிக் கூண்டு கூண்டாகச் சாண் நீளப் பல்லிகள். பூச்சி போடுவது, எச்சம் வழிப்பது, அறுத்துப் போட்டதைப் பையில் கட்டி எறிவது எல்லாம் அவள் கைதான். ஈரச் சாக்கும் புளித்த மூத்திரமும் கலந்த அந்த வாடை, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. ஆண் கூண்டுகள் நாளெல்லாம் கத்தும். பெண் கூண்டுகளில் சத்தமே இருக்காது.

“ஏன் மேடம், பொட்டைங்களுக்கு வாயே இல்லையா?” என்று ஒருநாள் கேட்டாள்.

அந்த ஆராய்ச்சிக்காரம்மா நல்ல மாதிரி. உட்கார வைத்துச் சொன்னாள். “ஆண் கத்துறது பொட்டையைக் கிட்ட கூப்பிடத்தான். கத்தவைக்கிற பூட்டு மூளையில இருக்கு. ஆண் ஹார்மோன்தான் அதுக்குச் சாவி. பொட்டை மூளையிலயும் அதே பூட்டு இருக்கும்மா. சாவிதான் பத்தாது.”

“சாவியைக் குடுத்தா?”

“கத்துதான்னுதானே பாக்குறோம்.”

சாவி என்பது வெள்ளைத் தூள். நெல் நீள ரப்பர்க் குழாயில் அதை அடைத்து, இரு முனையும் பசை வைத்து மூடிக் கொடுப்பது அவள் வேலை. மேடம் அதைப் பெண் பல்லியின் தோலுக்கடியில் வைத்துத் தைப்பாள். மூன்று வாரம் கழித்துத் தலையைத் துண்டித்து, பயறளவு மூளையை உறையவைத்து, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, பூட்டு எங்கெங்கே என்று புள்ளி எண்ணுவாள். துண்டித்த பிறகும் அந்தத் தலைகளின் தாடைக்கடியில் தோல், கத்தப் போவது மாதிரி, உப்பி உப்பி அடங்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை அள்ளிப் பையில் கட்டுவாள்.

குழாய் முனையில் தூள் ஒட்டியிருந்தால் பசை பிடிக்காது. மேடம் அதைத் துடைக்கச் சொல்லி ஊசி கொடுத்திருந்தாள். ஊசியால் தட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? காளவாயில் பதினெட்டு வருஷம் அடுப்பூதிய வாய். முகமூடியை மோவாய்க்கு இறக்கிவிட்டு, ஒரு ஊது. தூள் பறந்து உதட்டில் படியும். நக்கிக்கொள்வாள். ருசியே கிடையாது. நாளுக்கு நாற்பது குழாய், ஒன்றரை வருஷம்.

“என்னக்கா, தொண்டைக்குள்ள தவளை குடித்தனம் வந்துருச்சா?” என்றான் வாசல் காவலாளி.

“வாடகை ஒழுங்காத் தருது, நீ போ” என்றாள். சொன்ன குரல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அடித்தொண்டையில் ஏதோ ஈரமாக ஒட்டிப் பிரிகிற சத்தம். கண்ணாடியில் பார்த்தால் மோவாய்க்குக் கீழே சதை தளர்ந்து தொங்கியது. தொட்டாள். சில்லென்று இருந்தது.

பிறகு ஊதுவதை விட்டு, தூளை ஊசியால் துடைக்க ஆரம்பித்தாள். குரல் திரும்பவில்லை.

வீட்டில் பேச்சைக் குறைத்தாள். தட்டை அவன் கையில் வைத்துத் தோளைத் தட்டுவாள். அவன் சாப்பிடாமல் காத்திருப்பான். “ஒரு வார்த்தை சொல்லு. நீதானான்னு தெரியணும்ல?” இருமிவிட்டு நகர்வாள். தட்டு அப்படியே காயும். நாலு நாளில் அவன் கன்னம் ஒட்டிவிட்டது.

ஒரு காலையில் சொன்னான்: “நீ தூங்குனப்புறம் உன் பக்கத்துல பல்லி கத்துது. தினமும். சுவரெல்லாம் ஊருது.”

நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்தில் வீட்டுப் பல்லிகள், எண்ணிக்கையில்லாமல். எல்லாம் வயிறு பருத்த பொட்டைகள், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மெல்லிய வெள்ளைத் தோலோடு. எல்லாத் தலையும் அவள் பக்கம். விளக்குமாற்றால் அடித்தாள். அறுந்த வால்கள் தரையில் துடித்தன. பல்லிகள் போகவில்லை.

அன்று வேலையில், பெண் கூண்டுகளுக்கு நடுவே நடந்தபோது, ஊமையாய்க் கிடந்தவை எல்லாம் எழுந்து வந்து அவள் பக்கத்துக் கண்ணாடியில் வயிற்றை அப்பிக்கொண்டன. அவள் இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். வாளியைப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் வீட்டுக்கு ஓடினாள். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட வேண்டும். பழைய குரலில் ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும். அவன் சாப்பிட்டுவிடுவான்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

ஈரச் சாக்கு வாடை. இங்கேயும்.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை. கட்டிலில் அவன் மல்லாந்து கிடந்தான். அசைவில்லை.

“என்னங்க” என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

கெக். கெக். கெக். கெக். கெக்.

ஐந்து. அறை அதிரும்படி. அவள் நிறுத்தவில்லை. அதுவாகத்தான் நின்றது.

சுவரெங்கும் சரசரப்பு. உத்தரத்திலிருந்து, கூரை இடுக்கிலிருந்து, அலமாரிக்குப் பின்னாலிருந்து. இறங்கின. கட்டிலை நோக்கி.

“நீதான்.” அவன் உதடு மட்டும் அசைந்தது. “தெரியுது. கூப்பிடாத.”

கிட்டே போனாள்.

“கூப்பிடாத. கூப்பிட்டா இன்னும் வருதுங்க.”

கண் இருட்டுக்குப் பழகியது.

அவன் முகம் பளபளத்தது. கோழை மாதிரி ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு முட்டை. வெள்ளை வெளேரென்று, உருண்டையாக, இன்னும் ஈரம் ஆறாமல், சதையோடு ஒட்டி. நெற்றியில் ஒரு பொட்டை பின்கால்களை அகற்றி, வாலைத் தூக்கிக் காத்திருந்தது. உதட்டோரத்தில் இன்னொன்று இடம் தேடியது.

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கைகளுக்குக் கீழே, மோவாய்க்கடியில், தோல் மெதுவாக உப்பியது.