பாறுநோக்கி

ரெஜினாவின் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. பத்துப் பாறுக் கழுகுகள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன: சென்னியப்பனின் தொழுவம். கால்நடை மருத்துவரான அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

பள்ளத்தாக்கின் பதினொரு பாறுகள் ஒவ்வொன்றின் மொட்டைத் தலையிலும் மிளகு அளவில் ஒரு பாறுநோக்கி ஒட்டப்பட்டிருந்தது. மனிதருக்குப் புலப்படாத தளர்ச்சியும் வானில் வட்டமிடும் அந்தக் கண்களுக்குத் தெரியும். பார்வை எந்த மாட்டின் மேல் நிலைக்கிறதோ, அதைக் கருவி உடனே ரெஜினாவின் கைப்பேசிக்குச் சொல்லிவிடும். நான்கு ஆண்டுகளாக அங்கே ஒரு மாடுகூடச் சாகவில்லை. சாவுப் பறவை என்று கல்லெறிந்தவர்கள் இப்போது அண்ணாந்து கும்பிட்டார்கள்.

"மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. இதைப் பாருங்க" என்றார் சென்னியப்பன்.

தொழுவத்து வாசலில் பதினோராவது பாறு இறக்கை விரித்துக் கிடந்தது. ரெஜினா தூக்கினாள். நெஞ்செலும்பு கத்திபோல் கையில் குத்தியது.

"சீக்குங்களா?"

"இல்லண்ணா. பசி." அவள் அதன் இறக்கையை மடித்துவிட்டாள். "காட்டுல கிடைக்கறது போதல. நான்தான் மாடு எதையும் சாக விடலையே."

சென்னியப்பன் தன் கிழட்டுச் செவலைக் காளையை வெகுநேரம் பார்த்தார். ஓராண்டாக அது எழுந்து நிற்பதே அவள் போடும் ஊசியால்தான்.

"இவனுக்கு இனி ஊசி வேண்டாமுங்க."

"விட்டா ரெண்டு வாரம் தாங்காதுண்ணா."

"தெரியுமுங்க. படற பாட்டைப் பாக்க முடியல. உங்க பேரு கெட்டுடுமேன்னுதான் இத்தனை நாளா வாயைத் திறக்கல."

பிறகு அதைத் தின்னும் பாறுகளுக்குக் கேடு செய்யாத வலி மருந்தை மட்டும் அவள் கொடுத்தாள். பதினோராவது பாறுவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறி ஊட்டித் தேற்றினாள். காளை பன்னிரண்டாம் நாள் சென்னியப்பனின் மடியில் தலைவைத்து அமைதியாக அடங்கியது.

ஆற்றங்கரைப் பாறையில் அதைக் கிடத்திவிட்டு இருவரும் தள்ளி உட்கார்ந்தார்கள். பாறுகள் இறங்கின. இறக்கையைப் பாதி விரித்துத் தத்தித் தத்தி வந்து, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு தின்றன. தேறிப் பறந்த பதினோராவதும் அந்தக் கும்பலில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் எலும்புகள் வெளுத்தன. பிறகு எல்லாம் ஆற்றில் இறங்கி முங்கி எழுந்து, பாறை மேல் ஏறி வெயிலுக்குச் சிறகை விரித்தன.

"சாப்பிட்டுக் குளிக்கறாங்க பாருங்க!" சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "என் செவலைக்கு இதவிட நல்ல சாவு வராதுங்க."

மறுவாரம் தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. நான்காண்டுச் சாதனை முறிந்துவிட்டதாம். படிவத்தில் 'இறப்புக்குக் காரணமான நோய்' என்ற கட்டத்தில் ரெஜினா யோசித்து எழுதினாள்:

'நான்கு ஆண்டு இடைவிடாத மருத்துவம். நோயாளிகள்: பதினொரு பாறுகள். தற்போது நலம்.'