பம்பு நின்ற பிறகு

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். தெருவில் விசைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, வருஷக்கணக்காகக் காதோடு ஒட்டிக்கிடந்த தடதடப்பு இல்லாமல் போனதும், உள்ளறையிலிருந்து வந்த சின்னச் சத்தம் கனகலட்சுமிக்குத் தெளிவாகக் கேட்டது. ரப்பர் இழுபட்டுத் தளரும் சத்தம். எட்டிப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்த கணவர் முத்துக்கிருஷ்ணனின் வலது கையில் மாட்டியிருந்த உறை மெல்ல மடங்கி, மெல்ல விரிந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாமல் அதற்குக் காற்றடிக்கும் பம்பு ஓடாது. பம்பு ஓடாமல் அது அசையக் கூடாது.

பக்கவாதத்தில் அந்தக் கை விழுந்தபிறகு, அக்கா மகள் ப்ரியதர்ஷினி தன் கல்லூரியில் செய்து கொண்டுவந்த உறை அது. மெத்தென்ற சிலிக்கான் ரப்பர். விரல்களில் காற்று ஏறினால் மடங்கும், இறங்கினால் நிமிரும். "கையில எதையும் தடவிராத சித்தி" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்கிற மனசா? எந்த நோய்க்கும் கோயில் புற்றுமண்தான் மருந்து என்று நம்புகிற இந்த ஊரில் பிறந்தவள் அதைப் பூசாமல் எப்படி இருப்பாள்? அவரைத் தனியே விட்டுக் கோயிலுக்குப் போக முடியவில்லை. எந்தப் புற்றானால் என்ன என்று தறிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற புற்றிலேயே ஒரு பிடி எடுத்துக் குழைத்துப் பூசி, மேலே உறையை மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து உறை கழலவில்லை. மண் காய்ந்து பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

பயத்தில் ப்ரியதர்ஷினிக்குப் போன் போட்டாள்.

"பம்பு இல்லன்னா அது சும்மா ரப்பர் சித்தி. காத்துக் குழாய உருவி விட்டுரு."

உருவினாள். உறை மடங்கியது. விரிந்தது. மழைக்குப் பிந்திய ஈரமண் வாசம் அறையெல்லாம் பரவியிருந்தது. மணிக்கட்டோடு நின்ற அதன் விளிம்பு இப்போது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பிடித்து இழுத்தாள். அது முழ நீளத்துக்கு இழுபட்டு வந்தது, கிழியவில்லை. விட்டதும் திரும்பப் போய் ஒட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

அவர் விழித்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் முகட்டைப் பார்த்தபடியே, "ஏட்டி லெச்சுமி, விரலு அசையுதுட்டி!" என்றார். கண்ணோரம் நீர் வழிந்தது.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கத்தரிக்கோலை எடுத்தாள். சுட்டுவிரல் நுனியில் ரப்பரை மட்டும் நறுக்கினாள்.

மண் கொட்டியது.

காய்ந்த மண். பொடிப்பொடியாக. போர்வைமேல் குவிந்தது. உள்ளே சதை இல்லை. எலும்பு இல்லை. வெறும் பொந்து.

விரல் மடங்கியது.

"வலிக்குதாங்க?"

"இல்லட்டி. சொகமா இருக்கு. ஒன் கையைக் கொண்டா, பிடிச்சுக் காட்டுதேன்."

அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை. கையை நீட்டினாள்.

பிடித்தார். இறுக்கமாக. கதகதப்பாக.

"பாத்தியா?" என்று முகட்டைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் இழுத்தாள். ரப்பர் நீண்டது. விடவில்லை. அவள் வளையல்களுக்கு அடியில் மெதுவாக நுழைந்து, முழங்கையை நோக்கி ஏறத் தொடங்கியது.