ரங்கம்மாக்கா ஆன்லைனில் இருக்கிறார்

ஆனைமலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கார் தென்னந்தோப்புக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிட்டது. காய்ந்த மட்டைகள் உரசும் சத்தம், கொப்பரை காயும் எண்ணெய் வாடை, தோப்பு முடிகிற இடத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. அந்த வீட்டுக்கார அம்மாவை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. இனிமேல் படத்தில்தான் பார்க்க முடியும், மாலையோடு.

ரங்கம்மாக்கா எங்களுக்குப் போனில் கிடைத்த உறவு. மதுக்கரை சிமென்ட் ஆலையில் ஓய்வு பெற்ற என் கணவர் திருமூர்த்தி, பொழுது போகாமல் ஒரு துப்பாக்கி விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். மனுஷர் யாரோடு இவ்வளவு குழைந்து பேசுகிறார் என்று வேவு பார்க்க நானும் என் போனில் அதை ஏற்றினேன். எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. பால்காரர் அளந்து ஊற்றிய பாலை அவர் கண்ணெதிரிலேயே திரும்ப அளந்து பார்ப்பவள் நான். வேவு பார்க்கப் போனவள் விளையாட்டில் மாட்டிக்கொண்டேன்.

நான்கு பேர் ஓர் அணி. நாங்கள் இருவர், உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் பாலுசாமி, ரங்கம்மாக்கா. எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடிவிடுவோம். அடிபட்டு விழுந்தவரை அணியில் ஒருவர் வந்து தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அந்த வேலை அக்காவுடையது. எதிரியைச் சுடும்போதுகூட, "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சுடுவார். ஆட்டம் முடிந்ததும் என் கணவர், "போயிட்டு வாரேனுங்க்கா" என்பார். "வாங்க தம்பி" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்த பிறகுதான் போனைக் கீழே வைப்பார்.

சாவு வீட்டில் யாரும் எங்களை 'வாங்க' என்று கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள். அக்காவின் மகன் தம்பிதுரை எழுந்து நின்று கை கொடுத்தார்.

"நீங்கதானுங்களா அது? சாவறதுக்கு மொத நாளு வரைக்கும் உங்களோடதான் பேசிட்டிருந்தாங்க. அந்தப் போனை அம்மா கூடவே சிதையில வெச்சுப்போட்டோமுங்க."

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்தோம். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும். ஆனால் என் கணவர் அக்காவின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி, தினமும் சொல்கிற பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

"போயிட்டு வாரேனுங்க்கா."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் என் கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காரில் ஏறியதும், "ஏதோ வாயில வந்துபோச்சு அம்மணி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம்தான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

மறுநாள் மதியம் மூன்று பேராக விளையாட உட்கார்ந்தோம். நான்காவது இடம் காலியாக இருந்தது. ஆட்டம் தொடங்கப்போகிற நேரத்தில் அதில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

ரங்கம்மா ஆனைமலை.

"ஏனுங்க, யாருங்க அது?" என்றார் பாலுசாமி. மைக் மட்டும் திறந்திருந்தது. அதில் மட்டைகள் உரசும் சத்தம் கேட்டது.

எனக்கு உடனே மகன்மேல் சந்தேகம் வந்தது. போனை எரித்தோம் என்றது பொய், வீட்டில் எவனோ எடுத்து விளையாடுகிறான். தம்பிதுரையைக் கூப்பிட்டேன். பொள்ளாச்சிச் சந்தையில் இருந்தார், பின்னால் ஒரே இரைச்சல். "என்ற கையாலதானுங்க வெச்சேன். கண்ணாடி வெடிச்ச சத்தங்கூடக் கேட்டுச்சுங்க" என்றார். அவர் குரலில் கள்ளம் இல்லை. அதனால் சந்தேகத்தைப் பாலுசாமி பக்கம் திருப்பினேன். அவர் குறும்புக்காரர். ஆனால் அவர் மூச்சு வாங்குவது என் காதிலேயே கேட்டது. அப்படி நடிக்க அவருக்கு வராது.

அந்த நான்காவது ஆள் துப்பாக்கி எடுக்கவில்லை. ஓடவில்லை, ஒளியவில்லை. என் கணவரின் பின்னாலேயே நடந்தது. அவர் நின்றால் நின்றது. பாலுசாமி அடிபட்டு விழுந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கணவர் விழுந்ததும் பக்கத்தில் வந்தது.

தூக்கிவிடவில்லை.

மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டது.

"வாரேன்னீங்களே தம்பி."

மெல்லிய குரல். அக்காவின் குரல்தான். பாலுசாமி அந்த நிமிஷமே விளையாட்டை விட்டு ஓடினார். அதற்குப் பிறகு நாங்கள் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை.

அன்று சாயங்காலம் என் கணவருக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஆனால் உடம்பு கொதித்தது. படுக்கை அறை முழுவதும் கொப்பரை வாடை. மதுக்கரையில் சிமென்ட் தூசிதான் வரும், கொப்பரை ஏது? எண்ணெய் டின்னைப் போய்ப் பார்த்தேன். மூடி இறுக்கமாக இருந்தது. அவர் போனிலிருந்து விளையாட்டை நீக்கினேன். போனையே அணைத்தேன். அணைத்த போனைப் பார்த்து அவர் முனகினார்.

"அக்கா காத்துட்டிருக்காங்க. சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குதல்ல?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் நான். வாய் தவறிய ஒரு வார்த்தைக்காக இவரைக் கொடுத்துவிட முடியுமா? அந்தச் சொல்லை அக்காவிடமே சொல்லித்தான் திரும்ப வாங்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் மதியம் என் போனை எடுத்து நான் மட்டும் உள்ளே போனேன்.

பச்சைப் புள்ளி எனக்காகவே எரிவதுபோல் எரிந்துகொண்டிருந்தது.

விளையாட்டில் வரும் தீவில் இறங்கினோம், அதுவும் நானும். யாரும் சுடவில்லை. காற்றுச் சத்தம் மட்டும். அது என் முன்னால் வந்து நின்றது.

"அக்கா," என்றேன். "இவரு வரமாட்டாருங்க. பழக்கத்துல சொல்லிப்போட்டாருங்க. மனசுல வெச்சுக்காதீங்க. அவரை உட்டுருங்க்கா."

அது இன்னும் ஓர் அடி கிட்டே வந்தது.

"வரமாட்டாங்களா?"

"மாட்டாருங்க. நான் அனுப்பமாட்டேனுங்க."

மட்டைகள் உரசுவது நின்றது. பிறகு, வருத்தமே இல்லாத குரலில், ஊரில் யாரும் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக வந்தது பதில்.

"அதுக்கென்ன அம்மணி. அவிய வர முடியாட்டி, நான் வாரேன்."

பச்சைப் புள்ளி அணைந்தது.

போனைக் கீழே போட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். கட்டில் காலியாக இருந்தது. முன்வாசலில் அவர் குரல் கேட்டது. காய்ச்சல் துளியும் இல்லாத குரல். அக்கா போன பிறகு நான் கேட்காத சந்தோஷக் குரல்!

"வாங்க, வாங்க. உள்ள வாங்க்கா."

நல்ல வெயில். தெருவில் ஆளே இல்லை. அவர் கதவை அகலத் திறந்து வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தளும்பத் தளும்பச் சொம்பில் தண்ணீர் நீட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்னைய அனுப்பமாட்டேன்னு சொன்னயாமா? அக்கா கோவிச்சுக்கல. அங்க தனியாக் கெடக்கறதுக்கு, நம்ம ஊட்லயே இருந்துக்கறாங்களாமா."

"யாருங்க? இங்க யாரும் இல்லீங்களே" என்றேன். அந்தச் சொம்பை அவரிடமிருந்து பிடுங்கினேன்.

அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.