நிறுத்தக்கூடாத திருப்பாடல்

வேரோனிக்கா வாசிப்பை நிறுத்திய கணத்தில், அறைக்கு வெளியே நடைவழியில் ஈரமான வெறுங்கால் ஒன்று பதிகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவளும், கட்டிலில் வெள்ளைத் துணி மூடிக் கிடந்த கிழவர் கோல்ட்மனும் மட்டுந்தான். வாசற்கதவை அவளே பூட்டியிருந்தாள்.

இரண்டு வருடம் அவரைப் பராமரித்தவள் அவள். மத்தியானம் அவர் இறந்ததும் அவருடைய மகள் மொன்றியலிலிருந்து போனில் மன்றாடினாள். அடக்கம்வரை பிரேதத்தைத் தனியே விடுவது யூதர்களின் வழக்கமில்லை. பிரேதத்தின் பக்கத்தில் இருந்து வேதாகமத் திருப்பாடல் வாசிக்க ஒருவர் வருகிறார், அவர் வரும்வரை ஒரு மணித்தியாலம் இருக்க முடியுமா? தமிழில் வாசித்தாலும் பரவாயில்லை. தொண்ணூற்றோராம் பாடலை வேரோனிக்காவும் படுக்குமுன் செபத்தில் சொல்லுகிறவள்தான். சம்மதித்தாள்.

மூன்று மணித்தியாலமாகிவிட்டது. கொட்டுகிற பனியில் வெளியே பாதர்ஸ்ட் வீதியில் ஒரு வாகனமும் அசையவில்லை. வருகிறவரைக் காணோம். வெள்ளிக்கிழமை வேறு, பொழுது பட்டதும் போனைத் தொடக்கூடாத அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்க, மகளும் எடுக்கவில்லை.

வேரோனிக்கா தன் கணவன் இக்னேசியஸை அழைத்தாள். அவன் எடுத்தான்.

"இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"ஆள் வராமல் எப்பிடி விட்டிட்டு வாறது?"

"செத்தவருக்கு என்ன அவசரம்? பூட்டிப்போட்டு வாருமன்."

"சம்பளமும் இல்லை, சாப்பாடும் இல்லை, உங்கட கதையும் கேக்கவேணும்" என்று எரிந்து விழுந்தாள்.

அவள் பேசி முடிப்பதற்குள் நடைவழியில் இன்னும் நான்கு காலடிகள். மேல்வீட்டுக்காரராக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் சேற்றுத் தண்ணீர் மணந்தது, குளிர்காலத்தில் திறக்காத நிலவறையைப்போல.

வாசித்தாள். சத்தம் நின்றது. தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். இரண்டு காலடி.

அதன்பின் நிறுத்தவேயில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. முடித்த இடத்திலிருந்து மறுபடியும் தொடக்கத்துக்கு, மூச்சு வாங்காமல், கோபத்தோடு, வராதவனையும் பனியையும் தன் இளகிய மனதையும் உள்ளுக்குள் திட்டியபடி வாசித்தாள். தொண்டை கரகரத்தது. பிறகு கீச்சிட்டது.

பாடலின் ஏழாம் அடியில் குரல் போய்விட்டது.

உதடுகள் அசைந்தன. காற்றுத்தான் வந்தது.

கதவு திறந்தது. யாருமில்லை. ஈரத் தடங்கள் மட்டும். அவளைக் கடந்தன. கட்டிலடியில் முடிந்தன.

வெள்ளைத் துணி வாயிருந்த இடத்தில் உள்ளே இழுபட்டது. பிறகு வெளியே உப்பியது.

தமிழ் ஒரு சொல்லும் அறியாத அந்தக் கிழவரின் வாய், அவள் விட்ட ஏழாம் அடியை, அவளுடைய குரலில் வாசிக்கத் தொடங்கியது.