நீலவேலிக்குள் நீண்ட ஆயுள்

வைகைப்புதூரில் நடுமதியத்திலும் அந்தி வெளிச்சம்தான். நகரத்துக்கு மேலே விரித்திருந்த 'நீலவேலி' என்ற படலம் வெயிலில் உள்ள நீல ஒளியை மட்டும் வடிகட்டிவிடும். நீல ஒளி படாத ஈக்கள் அதிக நாள் வாழ்கின்றன என்று ஓர் ஆராய்ச்சி சொல்லப்போக, ஊரே தன் ஆயுளை நீட்டிக்கொள்ளக் கிளம்பிவிட்டது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று?

வேலியை விரித்த ஒளிவாரியத்தின் தலைவி ஜெசிந்தா. அவளுடைய மகளே இப்போது டெங்குவில் படுத்திருந்தாள். கட்டில் கிடைக்காத பிள்ளைகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார்கள்.

"இவ்வளவு மருந்தடிச்சும் ஏன் சார் குறையல?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

பூச்சியியல் நிபுணர் மைதீன் கொசுக்கள் மொய்த்த குடுவையைக் காட்டினார். "இதுக சாகவே மாட்டேங்குது மேடம். நோயாளியக் கடிச்ச கொசுவோட எச்சிலுக்குக் கிருமி வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல ஆகும். முன்னெல்லாம் அதுக்குள்ள பாதி செத்துப்போயிரும். இப்ப எல்லாமே இருந்து கடிக்குது."

"அப்ப நம்ம ஆயுசும் கூடியிருக்கணுமே?"

"மனுசங்கள வச்சு யாரு மேடம் சோதிச்சா? ஈய வச்சுத்தானே பாத்தாங்க. பூச்சிக்குச் சொன்னது பூச்சிக்குப் பலிச்சிருக்கு."

ஜெசிந்தாவுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. இதை ஒருவர்கூடக் கேட்கவில்லையே, அவள் உட்பட!

"பாப்பா இந்தத் தடவை பொழைச்சிருவா," என்றார் மைதீன். "வேற வகை டெங்கு ரெண்டாவதா வந்தா தாங்க மாட்டா. வேலியத் திறங்க."

வேலி திறக்கப்போகும் செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. ஜெசிந்தா இருந்த கட்டுப்பாட்டறைக்கு வெளியே கூட்டம் கதவை இடித்தது. "எங்க ஆயுசைப் பறிக்காதே!" என்று கத்தினார்கள். கதவின் மேல்தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. ஜெசிந்தா மகளின் வாடிய முகத்தை நினைத்துக்கொண்டு விசையை இழுத்தாள்.

படலம் சுருண்டது. பல வருடங்களுக்குப் பிறகு வானம் நீலமாகத் தெரிந்தது. வெளியே ஒரே அலறல். பெரியவர்கள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் குந்தினார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் கண்களைப் பொத்தினார்கள்.

அவர்களுடைய கைகளிலும் கழுத்திலும் கொசுக்கள் நிதானமாக உட்கார்ந்து குடித்தன. அடிப்பதற்கு யாருக்கும் கை ஒழியவில்லை.