மந்திரவாதியின் முறை

ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை.

பிளாஸ்க் நிறைய டீ வாங்கிக்கொண்டு டாக்ஸி டிரைவர் தெருவுக்குள் திரும்பியபோது கண்ணாடிக் கடைக்குள்ளிருந்து ஓர் அலறல் கேட்டது. ஓடினார். முன்கடையில் வரிசையாக மாட்டியிருந்த மூக்குக்கண்ணாடிகளைத் தாண்டிப் பின்னறைக் கதவைத் தள்ளினார். பிளாஸ்க் கையை விட்டு நழுவியது.

கடைக்காரர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை உள்வாங்கியிருந்தது. சுவரெல்லாம் ரத்தம். காலடியில் இரும்பு அடி வைத்த மேஜை விளக்கு. அந்த அடியில் ரத்தத்தோடு முடி ஒட்டியிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் தன் சட்டையைக் கழற்றிக் காயத்தின்மேல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"துணி கொண்டாங்க! உடம்பு இன்னும் சூடா இருக்கு!"

"யார் சார் செஞ்சது?"

"தெரியல. வெளியே போயிருந்தேன். வந்து பாத்தா..."

பின்கதவு காற்றில் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கியபோது வாசலில் இன்னொரு கொலை நடக்க இருந்தது. பின்சந்திலிருந்து ஓடிவந்த கறிக்கடைக்காரரின் சட்டைக் கையில் ரத்தக்கறை. அது போதாதா கூட்டத்துக்கு? கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவன் செங்கல்லை ஓங்கினான். இன்ஸ்பெக்டர் அம்மாள் கூட்டத்துக்குள் புகுந்தார். லத்தியால் அவன் முழங்கையில் ஒரே போடு போட்டார். செங்கல் விழுந்தது, கூட்டம் விலகியது.

கறிக்கடைக்காரர் எச்சிலோடு ஒரு பல்லையும் துப்பினார். "ஆட்டு ரத்தம் மேடம். என் தொழிலே அதுதானே!"

"அதைச் சோதனைக்கூடம் சொல்லட்டும். உள்ளே உக்காருங்க."

பின்னறையில் இன்ஸ்பெக்டர் வெகுநேரம் எதையும் தொடாமல் நின்றார். மேஜையிலும் தரையிலும் நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டு அட்டைகள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். பலமுகப் பகடைகள் ரத்தத்தில் சிதறிக் கிடந்தன. அவர் இடுக்கியால் ஓர் அட்டையைத் தூக்கினார். அடிப்பக்கம் நனைந்து சொட்டியது. மேல்பக்கம் துடைத்துவைத்ததுபோல் பளிச்சென்றிருந்தது. இன்னொன்றைத் தூக்கினார். அதுவும் அப்படித்தான்.

வலப்பக்கம் நீளமான மரப்பெட்டி, காலி. அதன் மூடி நாற்காலிக்குக் கீழே கிடந்தது. மூடி முழுக்கப் பொடிப்பொடியாக ரத்தத்துளி. நடுவில் மட்டும் குறுக்காக, விரல் அகலத்துக்கு ஒரு கோடு சுத்தமாக இருந்தது. மூலையில் ஓர் அகலமான ரப்பர் பட்டை. மேஜைக்கடியில், கடைகளில் கண்ணாடி மாட்டி வைக்கும் சின்ன ஸ்டாண்டு ஒன்று சரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஆறு அட்டைகள். அவற்றின் மேல்பாதியில் மட்டும் ரத்தம் தெறித்திருந்தது.

"இதென்ன மேடம், பிள்ளைங்க விளையாட்டா?" என்றார் ஏட்டு.

"நாலு பெரிய ஆளுங்க விளையாடியிருக்காங்கய்யா. முதல்ல டிரைவரை வரச் சொல்லுங்க."

டிரைவர் வந்து கதவோரமாக நின்றார்.

"நான்தான் கதை சொல்றவன் மேடம். குகை, பேய், அரக்கன்னு நான் சொல்லச் சொல்ல, இவங்க ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கிட்டு ஆடுவாங்க. கறிக்கடைக்காரர் வாள்வீரன். வாத்தியார் வைத்தியர். கடைக்காரர் மந்திரவாதி."

"சண்டை எதுக்கு வந்தது?"

"சண்டைன்னு இல்ல, சலிப்பு. வாள்வீரனுக்கு என்ன, முறை வந்தா வெட்டுவான், முடிஞ்சது. மந்திரவாதிக்கு அப்படியா? நூத்துச் சொச்சம் மந்திரம் கத்து வெச்சிருந்தார், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கார்டு. ஒரு ஆட்டத்துக்கு அதுல கொஞ்சத்தைத் தயார் பண்ணிக்கிட்டா போதும். மனுஷன் ஒண்ணையும் விடமாட்டார். முறை வந்தா பெட்டியைத் திறந்து மொத்தத்தையும் பரப்பிடுவார். நெருப்பா, பனியா, பறந்து போறதா, மறைஞ்சு போறதான்னு ஒவ்வொண்ணா எடுத்துப் படிப்பார். நாங்க டீக்கடைக்குப் போய்ட்டே வந்துடலாம்."

"கறிக்கடைக்காரருக்குக் கோபமாமே?"

டிரைவர் தயங்கினார். "போன தடவை கத்தினார். 'அடுத்த தடவை கார்டையெல்லாம் கொளுத்திட்டு உன்னையும் அதுல தள்ளிடுவேன்'னார். வாய்ச்சொல்தான் மேடம்."

"இன்னைக்கு?"

"அப்பதான் ஆட்டத்துல முதல் சண்டை ஆரம்பம். அவர் முறைன்னு சொன்னேன். சொன்ன வாயோட நானும் கறிக்கடைக்காரரும் எழுந்துட்டோம், பழக்கதோஷம். அவர் சிரிச்சார். 'போய்ட்டு வாங்க, வந்து பாருங்க'ன்னு என்னமோ சொன்னார். நான் காதுலயே வாங்கல."

"நீங்க எழுந்தப்ப கார்டு பரப்பியிருந்ததா?"

"கவனிக்கல மேடம். ஆனா அவர் எப்பவும் பரப்புவாரே!"

டீக்கடை வரை இருவரும் சேர்ந்து போகவில்லை. கறிக்கடைக்காரர் பாதியில் பிரிந்து, குளிர்ப்பெட்டி ஓடுகிறதா என்று பார்க்கத் தன் கடைக்குப் போயிருக்கிறார். அவர் கடையின் பின்வாசலும் கண்ணாடிக் கடையின் பின்கதவும் ஒரே சந்தில். அங்கே அவரைப் பார்த்தவர் யாருமில்லை. "மாட்டிக்கிட்டான்," என்று ஏட்டு முணுமுணுத்தார்.

வாத்தியார் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. குரல் மெதுவாக வந்தது.

"இறந்தவர் உங்களுக்கு..."

"மச்சான். என் மனைவியோட கூடப்பிறந்த அண்ணன்."

"நீங்க மட்டும் டீக்குப் போகல?"

"அவர் தனியா இருப்பாரேன்னு இருந்தேன். வழக்கம்போல பெட்டியைத் திறந்து எல்லாத்தையும் பரப்பினார். ஒண்ணை எடுப்பார், படிப்பார், வைப்பார். கொஞ்ச நேரத்துல எனக்கும் பொறுமை போச்சு. சிகரெட் பிடிக்கப் பின்பக்கமா போய்ச் சந்துக் கோடி வரைக்கும் நடந்தேன். கார்டுல மூழ்கிட்டா அவர் தலையே நிமிர மாட்டார். எவனோ பின்னாலேர்ந்து..." அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"பரப்பினதை நீங்க பாத்தீங்க?"

"எதிர்லதானே உக்காந்திருந்தேன்."

"உங்க மனைவி எங்கே?"

"ஒரு வாரமா அண்ணன் வீட்டுலதான். வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு. ஓய்வெடுக்கட்டும்னு அவர்தான் கூட்டிட்டுப் போனார்."

"போய்ப் பாத்தீங்களா?"

"பரீட்சை நேரம் மேடம். முடியல."

ஜீப் இரண்டு தெரு தள்ளி, கடைக்காரர் வீட்டு வாசலில் நின்றது. தங்கைக்கு அதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், முப்பது வயதிருக்கும். முழங்கை வரை மாவுக்கட்டு. அழுகை இன்னும் வரவில்லை. கட்டில் விளிம்பில், எழுந்துகொள்ளப் போகிறவள்போல உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்துப் பக்கம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்த கன்றலை இன்ஸ்பெக்டர் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"இந்த ஒரு வாரம் அண்ணன் எப்படி இருந்தார்?"

"சந்தோஷமா இருந்தார். இந்தக் கட்டில் முழுக்கக் கார்டு. 'எல்லாரும் என்னைத் திட்றாங்க, எதை எடுக்கறதுன்னு தெரியலடா'ன்னார். எங்க கடைல ஆயிரம் மருந்து இருக்கு மேடம். அதுக்காக எல்லாத்தையும் கவுன்ட்டர்லயா கொட்டி வைப்போம்? கைக்கெட்டற இடத்துல கொஞ்சம்தான் இருக்கும். மிச்சமெல்லாம் உள்ளே. அதையே அவருக்குச் செஞ்சு கொடுத்தேன்."

"எப்படி?"

"சண்டைல உனக்கு என்னதான் வேணும்னு கேட்டேன். அடிக்கணும், அடி வாங்காம இருக்கணும், ஓடணும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு, மொத்தம் ஆறு. அந்த ஆறையும் கடையிலேர்ந்து ஒரு ஸ்டாண்டு கொண்டு வரச் சொல்லி, அதோட பள்ளத்துல நிக்க வெச்சேன். பூட்டைத் திறக்கறது, பாஷை புரியறது மாதிரி நிதானமா செய்யற மந்திரமெல்லாம் பெட்டிக்குள்ள. விடுவாரா? 'டிராகன் வந்தா என்ன பண்றது?'ன்னு சண்டை. 'டிராகன் வாசல்ல வந்து கதவைத் தட்டட்டும், அப்ப பெட்டியைத் திற'ன்னேன்." உதடு சிரிக்கப் பார்த்து, கோணிக்கொண்டது. "'அவங்க டீக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள மந்திரத்தை எடுத்து வெச்சுட்டு, அவங்க மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்'னு சொல்லிட்டுத்தான் இன்னைக்குக் கிளம்பினார்."

"பெட்டி திறந்தா இருந்தது?"

"இல்ல. பெரிய ரப்பர் பட்டை ஒண்ணை ஒரு கையாலயும் பல்லாலயும் இழுத்து நான்தான் மாட்டினேன். சண்டை முடியாம பிரிக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கினேன்."

"இதெல்லாம் உங்க கணவருக்குத் தெரியுமா?"

"இந்த வாரம் அவர் போனையே நாங்க எடுக்கல."

"மணிக்கட்டு எப்படி உடைஞ்சது?"

அவள் தரையைப் பார்த்தாள். "வழுக்கிட்டேன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். அண்ணன் நம்பல."

"நானும் நம்பல. என்கூட வாங்க."

ஏழு மணிக்கு முன்கடையில் எல்லோரும் நின்றார்கள். கறிக்கடைக்காரரின் ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. மனைவியைக் கண்டதும் வாத்தியார் இரண்டடி எடுத்து வைத்தார். ஏட்டு குறுக்கே நின்றார்.

"எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "மந்திரவாதி முறை வந்தா கார்டைப் பரப்புவார். இன்னைக்கும் பரப்பித்தான் கிடந்தது. அதனால யாருக்கும் சந்தேகம் வரல. ஆனா அவர் இன்னைக்குப் பரப்பல."

"கண்ணால பாத்தேன் மேடம்," என்றார் வாத்தியார் அதே மெல்லிய குரலில்.

"பெட்டி மூடி மேல ரத்தம் தெறிச்சிருக்கு. நடுவுல பட்டை இருந்த இடம் மட்டும் சுத்தம். அடி விழுந்தப்ப பெட்டி மூடியிருந்தது, பட்டையும் போட்டபடி. பரப்பிக் கிடந்த கார்டு எதோட மேல்பக்கத்திலயும் ஒரு சொட்டு இல்ல, கீழ்ப்பக்கம்தான் நனைஞ்சிருக்கு. ஏற்கெனவே வழிஞ்ச ரத்தத்து மேல கொட்டின கார்டு அது. தெறிச்ச ரத்தம் விழுந்தது ஸ்டாண்டுல நின்ன ஆறு கார்டுல மட்டும், அதுவும் பள்ளத்துக்கு வெளியே நீட்டிக்கிட்டிருந்த மேல்பாதில."

"அப்ப கொன்னவன் எதையோ தேடிப் பெட்டியைக் கொட்டியிருப்பான்."

"கொட்டினது கொன்னவன்தான், சரி. ஆனா அவர் உயிரோட உக்காந்து பரப்பினதையும், ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சதையும் எதிர்ல உக்காந்து பாத்தது நீங்க. நடக்காததை எப்படி சார் பாத்தீங்க?"

வாத்தியார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"வெளியாள் வந்து பின்னாலேர்ந்து அடிச்சான்னா, அவர் தலை நிமிராம இருந்திருக்கணும். நீங்க எழுந்து போனதுக்கும் ஒரு காரணம் வேணும். வாரா வாரம் நடந்ததையே இன்னைக்கும் நடந்ததாக் காட்டிட்டா ரெண்டும் சரியாப் போயிடும்னு பெட்டியைப் பிரிச்சுக் கொட்டினீங்க. நீங்க அலறுறதுக்கு முன்னாடியே சட்டையைக் காயத்துல அழுத்திட்டீங்க. உங்க மேல தெறிச்ச ரத்தம் அதுல மறைஞ்சுபோச்சு. பின்கதவைத் திறந்து விட்டீங்க. ஆனா உங்க மனைவி அவர் பழக்கத்தை மாத்தினது உங்களுக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பில்ல. அவங்க கையை உடைச்ச நாளிலேர்ந்து உங்க போனை யாரும் எடுக்கல."

அந்த மெல்லிய குரல் அப்போதுதான் போனது.

"நீதாண்டி!"

கண்ணாடி அலமாரியில் அவன் முழங்கையை இடித்தான். சில்லு கொட்டியது. கத்திபோல ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு, ஏட்டை மோதித் தள்ளிவிட்டு அவள் கழுத்துக்குப் பாய்ந்தான். கறிக்கடைக்காரர் பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்தார். கண்ணாடி அவர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அவர் விடவில்லை. அவனுடைய மற்றொரு கை அவள் தொண்டையை எட்டியது. அவள் பின்வாங்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையைத் தோளுக்கு மேல் தூக்கி, அவன் முகத்தில் இறக்கினாள். மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை இறக்கினாள். அவன் முழங்காலிட்டான். மூன்றாவதற்கு அவள் கையைத் தூக்கியபோது இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா. போதும்."

விலங்கு மாட்டும்போது அவன் வாயில் வழிந்த ரத்தத்தோடு உளறினான். "அனுப்பி வைங்கன்னு கெஞ்சினேன். அவ வரமாட்டா, வக்கீலைப் பாத்தாச்சுன்னான். கார்டைப் பாத்துக்கிட்டே சொன்னான். என்னை நிமிர்ந்துகூடப் பாக்கல."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் வக்கீலைப் பார்த்த விஷயம் அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் கறிக்கடைக்காரர் கையில் கட்டோடும், டிரைவர் டாக்ஸியோடும் காத்திருந்தார்கள். ஏட்டு அவள் முன் தாளை விரித்தார்.

"உடலை வாங்கிக்கறது யாரு?"

"நான்தான்."

"என்ன உறவு?"

"தங்கச்சி."

"இங்கே கணவர் பேர் எழுதணும்மா."

"எங்கப்பா பேரை எழுதுங்க."

ஏட்டு பேனாவை நிறுத்தி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"எழுதுய்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.