ஓட்டுகிறவன் எடை

புது ஸ்பிரிங் போட்ட வண்டி ஒரு பக்கம் சாயக் கூடாது. இது சாய்ந்தது. ஜாக்கியை இறக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்த அம்புரோஸ் குனிந்து விரல் விட்டு அளந்தான். இடது பக்கம் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே நாலு விரல் தாராளமாகப் போயிற்று. வலது பக்கம் இரண்டு விரலுக்கே இழுபறி. வெள்ளைக்காரன் காலத்து இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், தக்காளிப்பழச் சிவப்பு, மேல்துணியை மடக்கிவிட்டுத் திருவொற்றியூர் ஷெட்டுக்குள் ஒரு தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவனை நக்கல் பண்ணுவது போல நின்றது.

"இன்னாடா கேடு உனக்கு?" என்று பானட்டில் ஒரு தட்டு தட்டினான்.

காலையிலிருந்து இதே கூத்துதான். முன்பக்கம் குலுக்கலை அடக்குகிற ஷாக் இரண்டும் புதுசு, இரண்டு ஸ்பிரிங்கும் புதுசு, எல்லாம் கப்பலில் வந்தவை. வலது ஸ்பிரிங்கைக் கழற்றி இடப்பக்கம் போட்டான், இடதை வலப்பக்கம் போட்டான். அப்போதும் வலது பக்கமே இறங்கியது. மட்கார்டைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தான். புது ஷாக் என்றால் ஒரு தடவை எழும்பி அப்படியே நின்றுவிட வேண்டும். இது எழும்பியது, இறங்கியது, மறுபடி மெதுவாக எழும்பியது, மறுபடி இறங்கியது. தூங்குகிற ஆளின் வயிறு மாதிரி.

வெளியே ஐப்பசி மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமின. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கருங்கல் குவியல், அதற்கு அப்பால் கடல். கருவாட்டு வாசனையும் உரத் தொழிற்சாலையின் காட்டமும் கலந்து, நனைந்த காற்றில் ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தன.

வண்டி விமலுடையது. நுங்கம்பாக்கத்துக்காரன், பழைய கார்கள் சேர்க்கிறவன். முந்தின நாள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்து விட்டுப் போனான்.

"போன வருஷம் எர்ணாவூர்கிட்ட ஒரு பள்ளத்துல இறங்கிடுச்சு, அம்புரோஸ். அதுலேர்ந்து முன்பக்கம் ஒரே தடதடப்பு. வெளிய எடுக்காம மூடியே வெச்சிருந்தேன். நாளைக்குச் சாயந்திரம் வந்து நானே ஓட்டிட்டுப் போறேன். பார்த்துச் செய்யுங்க, இது என் உயிர்."

ஓர் இரும்பை உயிர் என்கிறான். எரிச்சலோடு தலையாட்டி வைத்தான் அம்புரோஸ். இந்த ஒரு வருஷமாக அவனுக்கு எல்லோர் மேலும் எரிச்சல்தான்.

தம்பி இன்னாசி போய் ஒரு வருஷம் ஆகிறது. எர்ணாவூரில் மழை ராத்திரியில் எவனோ வண்டியால் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டான். விடியும்வரை ரோட்டோரத் தண்ணீரில் கிடந்தான் இன்னாசி. ஸ்டேஷனில் அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதிக் கேஸைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

முன்பக்க வேலையில் கடைசியாக ஒரு காரியம் உண்டு. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையான ஆர்மில் ரப்பர் புஷ்ஷுகள் இருக்கும்; அவற்றின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக் கூடாது. நாலு சக்கரமும் தரையில் நிற்க வேண்டும், ஓட்டுகிறவன் எடை சீட்டில் இருக்க வேண்டும், அந்த நிலையில் கீழே படுத்து முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் கிழிந்துவிடும். மற்ற ஷெட்டுகளில் சிமெண்டு மூட்டை ஏற்றுவார்கள். இங்கே இன்னாசி ஏறி உட்காருவான். ஆள் கட்டுமஸ்து. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பெரிய ராஜா மாதிரி சாய்ந்து, சும்மா இருக்காமல் காலை ஆட்டிக்கொண்டே இருப்பான். கீழே படுத்திருக்கிற அண்ணன் கத்துவான். கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி ஆட்டுவான்.

அவன் இல்லாத இடத்தில் மூட்டை ஏற்ற அம்புரோஸுக்குக் கை வரவில்லை. முதலில் இந்தச் சாய்வைத் தீர்ப்போம், பழைய வலது ஸ்பிரிங்கையே மாட்டிப் பார்ப்போம் என்று மூலையில் கிடந்ததை எடுத்து மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினான். சுருளுக்கு நடுவே காய்ந்த சேறு கட்டியாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். சேற்றோடு ஒரு துணியும் வந்தது.

லுங்கித் துணி. நீலக் கட்டம். ஓரத்தில் வெள்ளை நூலால் கோணல்மாணலாகப் போட்ட ஒட்டு.

அந்தத் தையலை அவனுக்குத் தெரியும். இன்னாசியின் பெண்டாட்டி சிலுவையம்மாள் போட்டது. ஊசி பிடிக்கத் தெரியாதவளைக் கட்டிவந்தேன் என்று இன்னாசி அதைத் தெருவெல்லாம் காட்டிச் சிரித்திருக்கிறான். பிணத்தின் மேல் பாதி லுங்கிதான் இருந்தது.

பள்ளமாம். பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். என் தம்பி உனக்குப் பள்ளமாடா? அவனை ஏற்றிக் கொன்ற வண்டியை அவன் வேலை செய்த ஷெட்டிலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறாய், உன் உயிர், பார்த்துச் செய் என்கிறாய். துணியை மடித்துச் சட்டைப் பையில், கார் சாவியோடு வைத்துக்கொண்டான்.

பார்த்தே செய்கிறேன் என்று நட்டு கழற்றுகிற பானாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

வலது முன்சக்கரத்தை ஆர்மோடு பிடித்திருக்கிற பெரிய நட்டு கழன்றுவிடாமல் இருக்க, குறுக்கே ஒரு குட்டிக் கம்பிப் பின் போகும். அதைக் குறட்டால் பிடுங்கித் தூர எறிந்தான். நட்டைக் கடைசிப் புரியில் நிற்கிற அளவுக்குத் தளர்த்தினான். ஷெட்டிலிருந்து வெளியே போகும். ரோட்டில் ஏறும். வேகம் பிடித்ததும் சக்கரம் தனியே போகும். நுங்கம்பாக்கத்தான் தனியே போவான். நினைக்க நினைக்க நெஞ்சு குளிர்ந்தது.

கரண்ட் போயிற்று. அந்தி வெளிச்சம் கதவோரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மழை, லாரி, மழை. முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வண்டியின் அடிவயிறு, கிரீஸ் நாற்றத்தோடு.

அது லேசாக அதிர்ந்தது. டுக், டுக், டுக், டுக் என்று ஒரே சீராக. லாரி அதிர்வு என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் தரை அதிரவில்லை, வண்டி மட்டும்தான்.

"காலாட்டாதடா, சனியனே!"

பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. அதிர்வு நின்றது.

மழை பெய்தது. மேலே சீட்டின் ஸ்பிரிங் முனகியது, ஆள் புரண்டு உட்கார்ந்தால் முனகுவது போல. பிறகு மறுபடி.

டுக். டுக். டுக்.

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. முதுகு சுவரில் முட்டியது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. சீட்டுத் தோல் மட்டும் குழிந்திருந்தது. ஆழமாக. இரண்டு தொடை அகலத்துக்கு.

"மாமா, டீ."

பின்பக்க ரூமிலிருந்து சிலுவையம்மாள் தூக்கோடு வந்து நின்றாள். அவனைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தாள். தூக்கு கையிலிருந்து நழுவியது.

"மாமா... இது அவரு உக்காந்தா எறங்குற எறக்கம்."

"பேஜாரு பண்ணாத, சிலுவ. ஸ்பிரிங்கு கோளாறு. நீ உள்ள போ."

"எத்தினி வண்டியில பாத்துகீறேன், எனக்குத் தெரியாதா?" அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. ஒரு வருஷமாக அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு. "இன்னாய்யா, இப்பத்தான் வர்றியா? இத்தினி நாளு எங்கய்யா பூட்ட?"

"அத்தத் தொடாத!"

"ஏன்? நான் என் புருஷன் பக்கத்துல உக்கார்றேன். உனக்கு இன்னா?"

ஏன் என்று சொல்லலாம். பின்னைப் பிடுங்கிவிட்டேன், நட்டைத் தளர்த்திவிட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் விஷயம் வெளியே போகும், விமல் தப்பித்துவிடுவான். அந்த ஆத்திரம் அம்புரோஸின் நாக்கைப் பிடித்துக்கொண்டது. ஒரு நொடிதான் இருக்கும். அதற்குள் அவள் இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இடது பக்கம் மெல்ல இறங்கியது. வண்டி மட்டமாயிற்று. காலையிலிருந்து அவன் போராடிய மட்டம்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"எறங்கு, சிலுவ! சக்கரம் நிக்காது! பின்னு இல்ல, நான்தான் புடுங்கிப்போட்டேன், எறங்கு!"

எஞ்சின் உறுமியது. அம்புரோஸ் சட்டைப் பையைத் தொட்டான். சாவி இருந்தது. துணியும்.

ஹெட்லைட் எரிந்தது. வண்டி அவன் இடுப்பை உரசிக்கொண்டு போயிற்று. பின்னால் ஓடினான். வழுக்கினான். எழுந்தான். ஓடினான்.

கேட்டுக்கு வெளியே குடையோடு விமல். ஒரு சொட்டு நனையாமல், முழுசாக.

"யாருய்யா என் வண்டிய எடுத்துட்டுப் போறது?"

அம்புரோஸ் அவனைத் தள்ளிவிட்டு ரோட்டுக்கு வந்தான். வண்டி லாரிகளுக்கு நடுவே நெளிந்து கடல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. சிலுவையம்மாள் வலப்பக்கம் சாய்ந்திருந்தாள், பைக்கில் புருஷன் தோளில் சாய்கிறவளைப் போல. சாய்ந்த தலையை நிமிர்த்திப் பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ. அவளிடமிருந்து எழுந்த அலறல் மழையைத் தாண்டி வந்தது. ஒரு கையை வெளியே நீட்டிக் கதவை அறைந்தாள். எழ முயன்றாள். எழ முடியவில்லை. எதுவோ அவள் தோளைச் சுற்றிப் பிடித்திருந்தது.

வலது முன்சக்கரம் கழன்றது. தனியே உருண்டு, லாரிக்கு அடியில் புகுந்து விழுந்தது.

வண்டி நிற்கவில்லை. சாயவும் இல்லை. சக்கரம் இல்லாத மூலை ரோட்டைத் தொடாமல் அந்தரத்தில் மட்டமாக நிற்க, கருங்கல் குவியல் மேல் ஏறிக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது, அவள் கை வெளியே அடித்துக்கொண்டிருக்க.